எட்டைத் தொலைத்த எண்: நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பள்ளி விடுமுறையில் அம்மா பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து பால் வெட்டப் போய்விட்டால் எனக்கு ஆபீஸ் வாசல்தான் கதி. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயாவிடம் எட்டு இலக்கக் கால்குலேட்டர் ஒன்று இருந்தது. செக்ரோல் என்ற சம்பளப் பட்டியலைக் கூட்டிக் களைத்துவிட்டால் என்னைக் கூப்பிடுவார்.

"டேய், ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும் அமுக்கு. எட்டை மட்டும் விட்டுடு. இப்ப எட்டால பெருக்கு."

12345679 போய் 98765432 வந்து நின்றது. விட்ட எட்டு உள்ளே வந்துவிட்டது, ஒன்றைக் காணோம்!

அப்புறம் பிடித்த எண்ணைக் கேட்டார். ஏழு என்றேன். ஒன்பதேழு அறுபத்து மூன்று, அதால் பெருக்கு என்றார். மெஷின் மக்கர் செய்தது. ஒன்பது இலக்க விடை அதில் அடங்காது. பழைய தாளின் பின்பக்கம் அவரே பென்சிலால் போட்டுக் காட்டினார்: 777777777. அன்று மாலை லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பிள்ளைகள் அத்தனை பேரிடமும் வித்தை காட்டினேன். பக்கத்து வீட்டு மாமா மட்டும் லாட்டரி நினைப்பில், "இதுல நாலு நம்பர் ஏதும் விழுமா?" என்றார்.

பெரியவனான பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. 12345679ஐ ஒன்பதால் பெருக்கினால் 111111111. அதை ஏழால் பெருக்கினால் ஏழுகள்தானே வரும்? அந்த எண்ணே 37, 333667 என்ற இரண்டு பகா எண்களின் பெருக்கல்தான். சரி, எட்டு ஏன் இல்லை? அது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

*

அண்ணே, நானும் சுங்கை சிப்புட்தான், செம்பனை ஆலையில் கிளார்க். எனக்கு இதன் பெரியண்ணன் பழக்கம். 111111111ஐ அதாலேயே பெருக்கினால் 12345678987654321. மகளுக்குக் காட்டலாம் என்று கணினியின் கணக்கு அட்டவணையில் அடித்தேன், 12345678987654300 என்று நின்றது. பதினைந்து இலக்கத்துக்கு மேல் அது வைத்துக்கொள்ளாதாம். மகள் சிரித்தாள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆலையில் லாரி ரசீது எண்கள் பதினேழு இலக்கம்! மறுநாள் போய்ப் பார்த்தால் எல்லாம் 00இல் முடிகின்றன, இரண்டு லாரிக்கு ஒரே எண். அந்த வாரம் முழுக்கக் காகித ரசீதைப் புரட்டித் திருத்தினேன். இப்போது அந்தக் கட்டத்தை எழுத்து என்று மாற்றிவிட்டுத்தான் எண்ணை அடிப்பேன்.

*

தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தம்பி, எட்டு தொலையவில்லை, ஒன்பதாகிவிட்டது. பத்து ஒன்றுகளை எழுதி அதாலேயே பெருக்கிப் பாருங்கள். வரிசையாகக் கூட்டினால் 1, 2 என்று ஏறி நடுவில் 10 வந்து, திரும்ப 9, 8 என்று இறங்கும். பத்தை ஒரே இடத்தில் எழுத முடியுமா? சுழியம் போட்டு ஒன்றை இடப்பக்கம் ஏற்றுகிறோம். அங்கிருந்த ஒன்பது பத்தாகிறது. மறுபடி சுழியம், மறுபடி ஒன்று ஏறுகிறது. எட்டு ஒன்பதாகிறது. அதோடு நின்றுவிடும். விடை 1234567900987654321. முன்பாதியில் உங்கள் கிராணி ஐயாவின் எண் தெரிகிறதா? ஒன்றை 81ஆல் வகுத்தாலும் 0.012345679012345679 என்று இதே கதைதான்.

வகுப்பில் இதைப் போட்டபோது ஒரு மாணவி, பதினொரு ஒன்றுகள் என்றால் என்ன சார் என்றாள். கரும்பலகை போதாமல் சுவர்வரை எழுதினோம்: 123456790120987654321. ஏறும்போது எட்டைக் காணோம், இறங்கும்போது இருக்கிறது.