ஒரே சிஸ்டத்தில் இரண்டு ஆன்ட்டிவைரஸ் வைத்திருந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தூரிகை:
அக்காவின் ஆய்வேடு என் கண் முன்னாலேயே போனது. வருடங்கள் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சிஸ்டத்தில் ஏற்கெனவே ஒரு ஆன்ட்டிவைரஸ் இருந்தது. பென் டிரைவில் ஏதோ வந்துவிட்டது என்று பயந்து நான்தான் இன்னொன்றையும் போட்டேன். "வேறொரு பாதுகாப்பு மென்பொருள் இருக்கிறது, முதலில் அதை நீக்குங்கள்" என்று அது சொன்னது. அதைக் கடந்து அடுத்த பட்டனை அழுத்தியதும் நான்தான்.

பென் டிரைவில் இருந்த ஆய்வேட்டு வேர்ட் ஃபைலில் மேக்ரோ வைரஸ், அதாவது ஆவணத்துக்குள்ளேயே ஒளிந்து வரும் வகை. அக்கா அதை டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்ட உடனே, திரையின் வலது கீழ் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அறிவிப்புகள். இரண்டிலும் அதே ஃபைல் பெயர். மேலே இருந்தது "சுத்தம் செய்யப்பட்டது" என்றது, கீழே இருந்தது "நீக்கப்பட்டது" என்றது. ஃபைல் பெயர் மட்டும் டெஸ்க்டாப்பில் இருந்தது, அளவு 0 கேபி. பென் டிரைவில் இருந்த பிரதியும் அப்படியே. "எங்கடா போச்சு?" என்று அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

பிடித்த ஃபைல்களை ஆன்ட்டிவைரஸ் ஒதுக்கிப் பூட்டி வைக்கும் இடம் குவாரண்டைன், இரண்டின் குவாரண்டைனிலும் தேடினேன். ஒன்றில் பெயரே இல்லை. மற்றதில் இருந்ததை மீட்டால் திறக்கவில்லை. மெயிலில் மூன்று வாரம் பழைய பிரதி ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான். இப்படி யாருக்காவது நடந்து ஃபைல் திரும்பக் கிடைத்திருக்கிறதா?

ஓலைச்சுவடி:
எனக்கு ஃபைல் போகவில்லை, சிஸ்டமே நின்றுவிட்டது. இரண்டாவதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். பாஸ்வேர்டு கேட்கும் திரை வரவே இருபது நிமிடத்துக்கு மேல். டாஸ்க் மேனேஜர் திறந்தபோது டிஸ்க் 100 சதவீதம், பட்டியலின் உச்சியில் அந்த இரண்டு பெயர்கள்தான் மாறி மாறி. ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது, கையை வைத்தால் சூடு. ஒரு ஃபைலைச் சோதிக்க ஒன்று திறக்கிறது, திறந்ததைப் பார்த்து மற்றது அதே ஃபைலைச் சோதிக்கிறது. அந்த நேரத்தில் நமக்கு ஒரு நோட்பேட் கூடத் திறக்காது.

அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போய் நீக்கலாம் என்று பார்த்தால் அங்கேயும் முடியவில்லை. சேஃப் மோடில், மென்பொருளைப் போடவும் நீக்கவும் உதவும் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை ஓடாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை வேறு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நீக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது.

கல்தூண்:
இரண்டு பேர் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று வருடமாக, விண்டோஸோடு கூடவே வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரும் இன்னொன்றும் சேர்த்தே வைத்திருக்கிறேன். மெதுவாகவும் ஆகவில்லை, ஃபைலும் போகவில்லை. ஓலைச்சுவடி, உங்களுடையது பழைய ஹார்ட் டிஸ்க், அதைத்தான் குறை சொல்ல வேண்டும்.

மெயிலில் பில் என்று ஒரு ஜிப் ஃபைல் வந்தது. என் முதல் ஆன்ட்டிவைரஸ் பேசாமல் இருந்தது. நானும் அதைத் திறக்க இருந்தேன், போன் வந்ததால் எழுந்து போனேன். திரும்பி வரும்போது டிஃபெண்டர் அதைப் பிடித்து வைத்திருந்தது. அந்த ஒரு போன் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். ஒன்று கோட்டை விடுவதை இன்னொன்று பிடிக்கும். இதை எப்படித் தப்பு என்கிறீர்கள்?

மழைக்காகிதம்:
கல்தூண், உங்களிடம் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடவில்லை என்று நினைக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேறொரு ஆன்ட்டிவைரஸ் பதிவானதும் டிஃபெண்டர் தன் ரியல்டைம் பாதுகாப்பை, அதாவது எந்நேரமும் கண்காணிப்பதை, தானே நிறுத்திக்கொள்ளும். 2016இல் வந்த ஆனிவர்சரி அப்டேட்டிலிருந்து "அவ்வப்போது ஸ்கேன்" என்று ஒரு வசதி இருக்கிறது. நாம் அதை ஆன் செய்திருந்தால் இடையிடையே எழுந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அடங்கிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள்.

நானும் இரண்டும் காவல் காக்கின்றன என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்க்கவே உருவாக்கிய ஐகார் (EICAR) சோதனை ஃபைல் வைத்துப் பார்த்தேன். 68 எழுத்து கொண்ட ஒரு வரி, அதை நோட்பேடில் சேமித்தால் போதும். அதில் தீங்கு எதுவும் கிடையாது, ஆனால் ஆன்ட்டிவைரஸ்கள் அதை வைரஸ் மாதிரியே பிடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சேமித்தேன், ஒன்றுதான் கத்தியது. எனக்கு நடந்தது இவ்வளவுதான்.

இனி தூரிகை மாதிரி யாருக்கும் ஆகக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரியல்டைம் காவலுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால், நாம் கூப்பிடும்போது மட்டும் வந்து ஸ்கேன் செய்கிற வகை போதும். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் அப்படிப்பட்டது. இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும், மறுபடி புதிதாக இறக்க வேண்டும், அதனால் பழைய வைரஸ் பட்டியலை வைத்துத் தேடுகிற பிரச்சினை வராது. வைரஸ் உள்ளே புகுந்து விண்டோஸையே ஏமாற்றுகிறது என்று சந்தேகம் இருந்தால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட விடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே தேடும், கால் மணி நேரம் போல ஆகும். ஒரே ஒரு ஃபைலில்தான் சந்தேகம் என்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல நிறுவனங்களின் ஸ்கேனர்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஆனால் ஆய்வேடு, வங்கிக் காகிதம் மாதிரி சொந்த ஆவணத்தை அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றிய ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் பகிரப்படும். அப்புறம், பழையதை மாற்றும்போது முதலில் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, பிறகுதான் புதியதைப் போட வேண்டும். முக்கியமான ஃபைலுக்கு ஒரு பிரதி அந்தக் கணினியோடு எப்போதும் இணைந்திருக்காத இடத்தில் இருக்கட்டும்.

ஓலைச்சுவடி:
கல்தூண், டிஸ்க் பழையது என்பது உண்மைதான். ஆனால் நீக்கிய பிறகு அதே டிஸ்கில்தான் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இந்த மென்பொருள்கள் விண்டோஸின் அடிமட்டத்தில் டிரைவராக, அதாவது சிஸ்டத்தின் மையத்தோடு சேர்ந்து ஓடும் நிரலாக, உட்காருபவை. 2024 ஜூலை 19 அன்று க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அவர்களுடையது அலுவலகங்களுக்கான மென்பொருள், வீட்டுக்கானது இல்லை. ஆனால் உட்காரும் இடம் அதே அடிமட்டம்தான். அங்கே இரண்டை உட்கார வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

கல்தூண்:
போய்ப் பார்த்தேன். மழைக்காகிதம் சொன்னது சரி. "அவ்வப்போது ஸ்கேன்" ஆன் ஆகி இருக்கிறது, ரியல்டைம் காவலில் மற்றது மட்டும்தான். எப்போது ஆன் செய்தேன் என்று ஞாபகமே இல்லை. ஆனாலும் அன்று அந்த ஜிப்பைப் பிடித்தது இரண்டாவதுதான், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

சிறுகுறிஞ்சி:
எனக்கு நடந்தது வேறு மாதிரி. அம்மாவின் கணினியில் இரண்டு ஆன்ட்டிவைரஸ் இருந்தது, அதில் ஒன்று பிடிஎஃப் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அவருக்கே தெரியாமல். நான் இரண்டையும் நீக்கிவிட்டு, இனி டிஃபெண்டர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

நான்கு மாதம் கழித்து வந்து பார்த்தால் விண்டோஸ் செக்யூரிட்டியின் கேடயச் சின்னத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. திறந்தால், நீக்கியதாக நான் நினைத்த ஒன்றின் பெயர் இன்னும் "ஆஃப்" என்று உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் மீதி பதிவு அங்கேயே கிடந்ததால் டிஃபெண்டரும் ஒதுங்கியே இருந்திருக்கிறது. நான்கு மாதமும் அந்தக் கணினியில் காவலே இல்லை. அம்மா அதில்தான் பென்ஷன் கணக்கைப் பார்க்கிறார்.

நீக்கும் கருவியை ஓடவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். பச்சை டிக் வந்தது. பிறகு ஆஃப்லைன் ஸ்கேன். நல்லவேளை, எதுவும் அகப்படவில்லை. "ரொம்ப நாளா இந்தச் சிவப்புதான்மா தெரியுது, உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்" என்றார் அம்மா. அதைக் கேட்டதும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. இப்போது வாரம் ஒருமுறை போனில் கேடயம் என்ன நிறம் என்று கேட்கிறேன்.

வெள்ளெருக்கு:
தூரிகை கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வேர்டின் ஆட்டோ ரெக்கவர் ஃபைல்களைத் தேடினீர்களா? யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், வேர்ட் என்று உள்ளே போனால் ஏஎஸ்டி என்று முடியும் ஃபைல் இருக்கலாம். வேர்டை ஒழுங்காக மூடியிருந்தால் பெரும்பாலும் அழிந்திருக்கும். சிஸ்டம் பாதியில் நின்ற நாளில் தங்கிப்போனது எனக்கு ஒருமுறை கிடைத்திருக்கிறது.

தூரிகை:
அங்கே தேடவே இல்லை, அப்போது தெரியாது. அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அக்கா மூன்றாவது அத்தியாயத்தை மறுபடி எழுதி எப்போதோ முடித்துவிட்டார். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்க்கிறேன்.