கெல்ப் (பெரிய கடற்பாசி) காட்டுக்குள் இறங்கியவர்கள், மறக்க முடியாததை எழுதுங்கள்

பாறைமேடு:
2011 கடல் வெப்ப அலையைப் பற்றி இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்பாரியில் நான் முதலில் இறங்கியது 2009இல், மறுபடி 2013இல். அதே மேடு, அதே ஆழம். அலை இழுக்கும்போது எக்லோனியா என்னும் கெல்ப்பின் காம்பைப் பற்றிக்கொண்டு நிற்பது என் வழக்கம். பழக்கத்தில் கையை நீட்டினேன். பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. பாறையெங்கும் நகத்தளவு உயரத்தில் புல்போன்ற பாசி, நனைந்த சாக்கைப் போல மணலை உறிஞ்சி வைத்திருந்தது. ஓர் இடுக்கில் மட்டும் ஒற்றைக் கெல்ப் தப்பியிருந்தது. அதன் ஓரமெல்லாம் அரைவட்டக் கடிகள். சற்றுத் தள்ளி ஓரா மீன் கூட்டம் ஒன்று அவசரமே இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது. எக்லோனியாவின், அதாவது கோல்டன் கெல்ப்பின், வடக்கு எல்லை 100 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிட்டது என்று பிறகு படித்தேன். எனக்கு நினைவில் நிற்பது அந்த வெறும் கைதான்.

ஈரக்கால்சட்டை:
உங்கள் பக்கம் கோல்டன் கெல்ப் போகிறது, இங்கே இங்கிலாந்தின் பிளைமவுத் பக்கம் பெருகுகிறது! இங்கிலாந்தில் அதை முதலில் கண்டது 1940களில். இப்போது அலையடிக்கும் திறந்த கரைகளுக்கும் வந்துவிட்டது. போன ஆண்டு ஒரு காட்டுக்குள் நீந்தியபோது எதுவும் மாறியதாகவே தோன்றவில்லை. தற்செயலாக ஒரு காம்பைத் தடவினேன். வழுவழுப்பு. அடுத்ததும் அப்படியே. இங்கே முன்பிருந்த கெல்ப் இனமான ஹைப்பர்போரியாவின் காம்பு சொரசொரப்பாக இருக்கும். அதில் சிவப்புப் பாசிகள் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும், அவற்றுக்குள் பொடி உயிர்கள் ஊரும். இதுவோ மொட்டைக் கம்பம். விளக்கை உயர்த்திப் பார்த்தால் காம்பும் இலையும் சேரும் இடத்தில் மஞ்சள் திட்டு. காடு நிற்கிறது, ஆனால் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள்.

ஆய்வகமூலை:
முதலில் ஒரு திருத்தம். நீங்கள் இருவரும் பேசுவது ஒரே இனத்தை அல்ல. ஆஸ்திரேலியாவில் கோல்டன் கெல்ப் என்றால் எக்லோனியா ரேடியாட்டா. இங்கிலாந்தில் அதே பெயர் லாமினேரியா ஒக்ரோலூக்காவுக்கு. பொதுப்பெயரை வைத்துக்கொண்டு "இங்கே போகிறது, அங்கே வருகிறது" என்று கணக்குப் போடாதீர்கள்.

பாறைமேடு சொல்வதும் பாதிதான். அழிந்தது கண்ணில் படுகிறது. நிற்கும் காட்டுக்குள் போனது படுவதில்லை. வெப்ப அலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் எடுத்த கடற்பாசி மாதிரிகளின் டி.என்.ஏ. பட்டியலை ஒருமுறை சரிபார்த்தேன். ஒரு செடிக்கு ஒரு வரி. முன்னதில் வரிக்கு வரி எழுத்துகள் மாறின. பின்னதில் திரையை நகர்த்த நகர்த்த ஒரே எழுத்துகள். ஒரே வரியை நகலெடுத்து ஒட்டிவிட்டேனோ என்று பயந்து, கோப்பை மூடி மறுபடி திறந்தேன். தவறு என்னுடையதாக இல்லை. மேற்கு ஆஸ்திரேலியக் கரையின் சைட்டோதாலியா, சர்காசம் என்னும் கடற்பாசிகள் இரண்டிலும் 800 கிலோமீட்டர் நீளத்துக்கு மரபணுப் பல்வகைமை சராசரியாக 30 முதல் 65 சதவீதம் குறைந்ததாக 2020இல் ஆய்வே வந்துவிட்டது. தலைகளை எண்ணுவதால் மட்டும் ஆகாது, ஐயா.

தெற்குத்தீவு:
தாஸ்மேனியாவின் கிழக்குக் கரை. ராட்சதக் கெல்ப் ஏறத்தாழ 95 சதவீதம் போய்விட்ட இடம். 2012இல் அந்தக் காடுகளை அழியும் ஆபத்திலுள்ள உயிரினச் சமூகமாக அறிவித்தார்கள். நான் கண்டது: மொட்டைப் பாறை, அதன்மேல் கெல்ப்பை மேய்ந்து தீர்க்கும் நீள்முள் கடல் முள்ளெலிகள், விளக்கொளி பட்டதும் எல்லா முள்ளும் ஒருசேரத் திரும்பின. அவ்வளவுதான்.

ஆனால் மறுநடவில் இறங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. முள்ளெலியை அகற்றாமல் நாற்று வைப்பது ஆட்டுப்பட்டிக்குள் கீரை விதைப்பது. 12 டிகிரிக்குக் கீழே அதன் குஞ்சுகள் தேறுவதில்லை. குளிர்காலத் தண்ணீர் சூடாகிவிட்டதால்தான் இவ்வளவு தெற்கே வந்தது. அடுத்து, ஒரே தாய்ச்செடியிலிருந்து வித்து எடுக்காதீர்கள். பல செடிகளில் எடுங்கள், இலையில் வித்துத்திட்டு கருத்து முற்றியிருக்கிறதா என்று பாருங்கள். வெப்பம் தாங்கும் செடிகளைப் பொறுக்குவது நல்லதுதான். அதிலும் இரண்டே செடியின் பிள்ளைகளால் கரையை நிரப்பினால், அடுத்த நோய்க்கு மொத்தமும் ஒரே நாளில் விழும். எக்லோனியா ரேடியாட்டாவுக்கு மிதவைப் பைகள் கிடையாது. வித்தும் பெரும்பாலும் சில மீட்டருக்குள்ளேயே விழும். பக்கத்துக் காடு வந்து காப்பாற்றும் என்று காத்திருக்காதீர்கள். இலையின் அடிப்பக்கத்தையும்...

பாறைமேடு:
தெற்குத்தீவு, நான் நாற்று நடப் போவதாக எங்கே சொன்னேன்? ஆய்வகமூலை, உங்கள் திருத்தம் சரி, ஏற்கிறேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். 2009இல் ஒரு காம்பைக் கொஞ்சம் வெட்டி உலர்த்தி, டைரிக்குள் வைத்திருந்தேன். நேற்றுதான் எடுத்துப் பார்த்தேன்; தோல் மாதிரி காய்ந்து, பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து டி.என்.ஏ. வருமா?

ஆய்வகமூலை:
உப்புநீரில் கழுவினீர்களா, குழாய்நீரிலா? எதுவானாலும் பிய்த்தெடுக்காதீர்கள், அந்தத் தாளோடு அப்படியே வையுங்கள்.