மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம்: தீவுகளில் தடை எந்தச் சட்டத்தின்படி?

கடலோரவாசி:
விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் கீழக்கரைப் பக்கத்துப் பெண்களுக்காக ஒரு மனு எழுதி வருகிறேன். தீவுகளுக்கு அருகே போகக் கூடாது என்பதற்கு ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம், ‘இது உயிர்க்கோளக் காப்பகம்’ என்பதே. ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வகைப்படுத்தும் காப்பிடங்களில் அந்தப் பெயரே இல்லை. அப்படியானால் தடை எங்கிருந்து வருகிறது?

வழக்காடி:
நீங்கள் கவனித்தது சரியே. 1989இல் மத்திய அரசு 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது நிர்வாக நடவடிக்கை; 2001இல் யுனெஸ்கோ அளித்தது அங்கீகாரம். இவ்விரண்டையும் மட்டும் காட்டி ஒருவர்மீது வழக்குத் தொடுக்க இயலாது. தடை, காப்பகத்தின் மையப் பகுதியாக அமைந்த 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்காவுக்கு உரியது. 21 தீவுகளையும் (இவற்றுள் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கடியில்) சுற்றியுள்ள ஆழங்குறைந்த கடலையும் சேர்த்து, 1986இல் அந்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாடு அரசு அதற்கான அறிவிக்கையை வெளியிட்டது. பூங்காவுக்கு வெளியே, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும்தான் செல்லும். கடல் அட்டையும் கடற்பசுவும் வேறு கணக்கு: அவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள உயிரினங்கள் என்பதால் எந்தக் கடலில் பிடித்தாலும் குற்றமே.

பழைய அரசிதழ்:
மனுவுக்கு வலுச் சேர்ப்பது 35ஆம் பிரிவின் உட்பிரிவுகளே என்பது என் கருத்து. உட்பிரிவு (1) பூங்கா அமைக்கும் அரசின் உத்தேசத்தை மட்டும் தெரிவிக்கிறது. உரிமைக் கோரிக்கைகள் விசாரிக்கப்பட்டுத் தீர்க்கப்பட்ட பிறகே உட்பிரிவு (4)இன்கீழ் இறுதி அறிவிக்கை வர வேண்டும். கடற்பரப்பைச் சேர்க்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது, அதாவது 1986 அறிவிக்கைக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. அறிவிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த உட்பிரிவு என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கடலோரவாசி:
மிக்க நன்றி, ஐயா. 2000இல் அமைக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையிடமும் மனு கொடுக்கலாமா?

வழக்காடி:
கொடுக்கலாம், ஆனால் தடையைத் தளர்த்தும் அதிகாரம் அதற்கு இல்லை. ஒருங்கிணைப்பு, கிராமக் குழுக்கள், மாற்றுத் தொழிலுக்கான கடன் ஆகியவை அதன் எல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை யுனெஸ்கோவுக்குச் செல்லும் மறுஆய்வு அறிக்கையில் பாசி எடுப்போரின் நிலை இடம்பெற வேண்டும் என்று அங்கே கேளுங்கள். அறிவிக்கை நகலுக்கு, ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். பூங்காவின் எல்லை வரைபடத்தையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள்.