பேக்-12 கலைந்தது ஏன்? புல்மனிலிருந்து ஒரு கேள்வி

கோதுமைமேடு எழுதியது:

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கோரத்தில், கோதுமை மேடுகளுக்கு நடுவே இருக்கும் புல்மனில் வசிக்கிறேன். மண்ணியலில் முனைவர் பட்டத்துக்காக 2016இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். படிப்பு முடிந்தும் ஊரை விட்டுப் போக மனம் வரவில்லை. எங்கள் அணிகள் ஆடிவந்தது பேக்-12இல்; மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டு தமக்குள் போட்டியிட்ட விளையாட்டுக் கூட்டமைப்பு அது. அமெரிக்கக் கால்பந்தை எனக்குக் கற்றுத் தந்தவர், ஸ்டேடியத்தில் பக்கத்து இருக்கையில் அமரும் வயதான விவசாயி. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பதை உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

2018 அக்டோபர் 20ஆம் தேதியை மறக்கவே மாட்டேன். கல்லூரிக் கால்பந்து பற்றி வாராவாரம் ஓர் ஊரிலிருந்து நேரலையாகப் பேசும், ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் ‘காலேஜ் கேம்டே’ நிகழ்ச்சி முதல் முறையாக எங்கள் ஊருக்கு வந்தது. நேரலை காலை ஆறு மணிக்கு. நாங்கள் மூன்று மணிக்கே போய் இருட்டில் நின்றோம். அன்று ஆரிகான் பல்கலைக்கழக அணியை 34-20 என்று வென்றோம். அந்த நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும், 2003 முதல் எங்கள் கொடியை யாராவது ஒரு பழைய மாணவர் அங்கே கொண்டுபோய்க் கூட்டத்துக்குப் பின்னால் அசைத்துக்கொண்டிருப்பார். யாரும் கேட்டுச் செய்ததல்ல, சம்பளமும் கிடையாது.

ஐந்து ஆண்டுகளுக்குள் 2023 ஆகஸ்ட் 4 வந்தது. ஒரே நாளில் ஆரிகானும், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் பிக் டென் என்ற வேறு கூட்டமைப்புக்குப் போயின. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற இன்னொரு கூட்டமைப்புக்குப் போயின. லாஸ் ஏஞ்சலஸின் யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.வும் முந்தைய ஆண்டே விலகலை அறிவித்துவிட்டன. கொலராடோ முந்தைய வாரம். செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ‘அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்’ எனும் ஏ.சி.சி.யில் இடம் பிடித்தன. பசிபிக் கரையில் இருப்பவர்களுக்கு அட்லாண்டிக் கரையின் பெயர் தாங்கிய கூட்டமைப்பு! 1915இல் தொடங்கிய எங்கள் கூட்டமைப்பில் நாங்களும் ஆரிகான் ஸ்டேட்டும் மட்டும் மிஞ்சினோம்.

எல்லாம் தொலைக்காட்சிப் பணம் என்கிறார்கள். சரி, அந்தப் பணம் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது விளக்குங்கள். அதே 2023 செப்டம்பரில் நாங்களும் ஆரிகான் ஸ்டேட்டும் தரவரிசையில் முதல் 25க்குள் இருந்தபடி மோதினோம். 38-35 என்று வென்றோம். வாஷிங்டன் அந்தப் பருவத்தில் ஒரு தோல்வியும் காணாமல் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. ஆட்டம் இவ்வளவு நன்றாக இருந்தபோதா ஒரு கூட்டமைப்பு சாகும்? நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பிக் டென்னில் கிடைத்த இடம் எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

கம்பிவடம் எழுதியது:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். நான் நியூ ஜெர்சியில் கேபிள் தொழிலில், சேனல்களுடன் கட்டணம் பேசும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்.

ரட்கர்ஸ் 2014இல் பிக் டென்னில் சேர்ந்தபோது, அந்த அணியின் ஆட்டத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது பெரிய விஷயமாக இல்லை. கேபிளில் ஒரு சேனலுக்குப் பணம் தருபவர் அதைப் பார்ப்பவர் மட்டும் அல்லர். அந்தச் சேனல் அடங்கிய தொகுப்பை வாங்கிய ஒவ்வொரு வீடும் மாதாமாதம் தருகிறது. பிக் டென் 2007இல் தன் பெயரிலேயே ஒரு சேனல் தொடங்கியது. உறுப்பினர் பல்கலைக்கழகம் உள்ள மாநிலத்தில் அந்தச் சேனல் எல்லோரும் வாங்கும் தொகுப்பில் ஏறிவிடும். வீட்டுக்கு வீடு கட்டணமும் அதிகம். வெளி மாநிலங்களில் கிடைப்பது மிகக் குறைவு. ரட்கர்ஸ் வந்ததால் நியூயார்க்கைச் சுற்றியுள்ள வீடுகள் கணக்கில் சேர்ந்தன. மேரிலாந்து வந்ததால் வாஷிங்டன் நகரமும் பால்டிமோரும் சேர்ந்தன. சமையல் நிகழ்ச்சி தவிர வேறெதையும் பார்க்காத பாட்டியின் பில்லிலும் பிக் டென்னுக்கு ஒரு பங்கு இருந்தது. அந்தப் பில்களை நான் கண்ணால் பார்த்தவன்.

உங்கள் கூட்டமைப்பும் 2012இல் இதையே செய்ய முயன்றது. தேசியச் சேனல் ஒன்று, வட்டாரச் சேனல்கள் ஆறு. ஏழும் முழுக்கச் சொந்தம், பங்காளி யாரும் இல்லை. கேட்கப் பெருமையாக இருக்கும். பேரத்தில் உட்காரும்போதுதான் கஷ்டம் தெரியும். பிக் டென் சேனலுக்குப் பின்னால் ஃபாக்ஸ் இருந்தது, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான எஸ்.இ.சி.யின் சேனலுக்குப் பின்னால் ஈ.எஸ்.பி.என். இருந்தது. “இதை எடுக்காவிட்டால் உங்கள் வாடிக்கையாளர்கள் கேட்கும் மற்றச் சேனல்களும் கிடைக்காது” என்று அவர்களால் சொல்ல முடியும். தனியாக வந்தவர் என்ன சொல்லி மிரட்டுவார்? பேக்-12 சேனல்கள் பல வீடுகளை எட்டவே இல்லை.

பிறகு மக்கள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கினார்கள். வீட்டுக் கணக்கின் மதிப்பு இறங்கியது. எத்தனை பேர் உண்மையிலேயே சேனலைத் திருப்பி ஆட்டத்தைப் பார்க்கிறார்கள் என்ற கணக்கு மேலே வந்தது. பெயர் பெற்ற இரண்டு அணிகள் மோதினால் நாடே பார்க்கும். அதனால்தான் டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குப் போயின, லாஸ் ஏஞ்சலஸ் அணிகள் பிக் டென்னுக்குப் போயின. 2022 ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றுடனும் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் செய்தது. நண்பகல் ஒருவருக்கு, பிற்பகல் ஒருவருக்கு, இரவு ஒருவருக்கு. நள்ளிரவு வரை ஆட்டம் காட்ட மேற்குக் கரை நேரமும் கைக்கு வந்துவிட்டது.

பந்திக்கு முந்து என்பார்கள். பிக் 12 முந்திக்கொண்டது. தன் பழைய ஒப்பந்தம் முடியக் காத்திராமல் 2022 அக்டோபரிலேயே ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் இரண்டுடனும் ஆறு ஆண்டுகளுக்கு 228 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டது. உங்கள் கூட்டமைப்பு உட்கார்ந்தபோது வாங்குபவர்களின் பணம் பெரும்பாலும் செலவாகிவிட்டது. கடைசியில் முன்னால் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் இணைய ஒளிபரப்பு யோசனை. சந்தாதாரர்கள் கூடினால் தொகையும் கூடும் என்ற ஏற்பாடு அது. நிச்சயமான தொகை தேடியவர்கள் கையெழுத்திடவில்லை. ஆரிகானும் வாஷிங்டனும் பிக் டென்னில் முழுப் பங்கைவிட மிகக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டுதான் போயின.

புல்மனில் சுமார் முப்பதாயிரம் பேர். வீடுகளை எண்ணிய காலத்தில் சியாட்டில் வீடுகள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறின. பெயரை எண்ணும் காலத்திலும் அவர்கள் முன்னால் நின்றார்கள். ரட்கர்ஸ் முதல் காலத்தில் உள்ளே நுழைந்து கதவு மூடும் முன் உட்கார்ந்துகொண்டது. உங்கள் அணி எந்தத் தவறும் செய்யவில்லை, தம்பி. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வலைக்கு அப்பால் எழுதியது:

கால்பந்து பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. என் மகள் மேற்குக் கரைப் பல்கலைக்கழகம் ஒன்றில் வாலிபால் ஆடுகிறாள். அந்த அணி இப்போது கிழக்கே வெகுதூரம் போய் ஆட வேண்டியிருக்கிறது.

கால்பந்து அணிக்கு ஒரு பருவத்தில் பன்னிரண்டு ஆட்டம்தான். அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமை. வாலிபாலில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம். மூன்று மணி நேர வித்தியாசம் உள்ள ஊரில் ஆடிவிட்டு அவள் விடுதிக்குத் திரும்பியபோது அதிகாலை நான்கு மணி. எட்டரைக்கு வேதியியல் ஆய்வகம். அன்று தொலைபேசியில் அவள் அழவில்லை. பேசவே தெம்பில்லாமல் இருந்தாள். கால்பந்து ஒளிபரப்புக்காகப் போட்ட கணக்கில் இந்தப் பிள்ளைகளை யார் சேர்த்தார்கள்?

கால்பந்தை மட்டும் தனியாகப் பிரித்துவிடலாமே! நோட்ரடாம் கால்பந்தில் எந்தக் கூட்டமைப்பிலும் இல்லை. 1991 முதல் என்.பி.சி.யுடன் தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அதன் மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஏ.சி.சி.யில் ஆடுகின்றன. ஒரு பல்கலைக்கழகத்துக்கு முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் முடியாது?

வழக்குக்கட்டு எழுதியது:

கம்பிவடம் ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பழி முழுவதையும் தொலைக்காட்சி மீது போடுவதை ஏற்க மாட்டேன். வாங்குபவர் விலை சொன்னார். ஒவ்வொரு கையெழுத்தையும் போட்டவர்கள் பல்கலைக்கழகத் தலைவர்கள்.

வேர் 1984இல் இருக்கிறது. அதுவரை எந்த ஆட்டம் ஒளிபரப்பாக வேண்டும் என்பதை தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.தான் தீர்மானித்தது. ஓர் அணி இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் தோன்றக் கூடாது என்பது அதன் கடைசித் திட்டம். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், இது போட்டியை ஒடுக்கும் செயல் என்று உச்ச நீதிமன்றம் 7-2 எனத் தீர்ப்பளித்தது. மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர் பைரன் வைட். அவரே கொலராடோவில் புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருந்தவர். கல்லூரி விளையாட்டை வெறும் வணிகமாகப் பார்க்கக் கூடாது என்பது அவர் கவலை. சட்டப்படி பெரும்பான்மைத் தீர்ப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வைட் கண்ட ஆபத்து உண்மையானது. வழக்குத் தொடுத்த அதே ஓக்லஹோமா 2024இல் எஸ்.இ.சி.க்குப் போனது, ஓக்லஹோமா ஸ்டேட்டுடன் ஆண்டுதோறும் ஆடிவந்த ஆட்டம் 2023 நவம்பரோடு நின்றுபோனது.

கோதுமைமேடு அவர்களே, உங்கள் மாவட்ட நீதிமன்றத்தை மறந்துவிடாதீர்கள். மிஞ்சிய இரண்டு பல்கலைக்கழகங்களும் விட்மன் கவுண்டி நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடுத்தன. விலகுகிறவர்கள் கூட்டமைப்பின் பணத்தையும் முடிவுகளையும் ஆளக் கூடாது என்ற வாதம் 2023 நவம்பரில் வென்றது. டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. பேக்-12 என்ற பெயர் இன்று உயிரோடிருப்பது அதனால்தான்.

கோதுமைமேடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. அக்கா, உங்கள் மகளின் நான்கு மணி என்னை உலுக்கிவிட்டது. இங்கே நாங்கள் எங்கள் இழப்பையே பேசிக்கொண்டிருந்தோம்; சேர்ந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று யோசிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்துடன் ஆடும், ஆப்பிள் பழத்தின் பெயர் கொண்ட ‘ஆப்பிள் கோப்பை’ ஆட்டம் நின்றுவிடவில்லை. பெரும்பாலும் நவம்பர் குளிரில் நடந்தது செப்டம்பருக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். 2024இல் சியாட்டிலில் அவர்கள் எங்கள் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் கடைசி முயற்சியில் இருந்தார்கள். தடுத்தோம். 24-19. பக்கத்து இருக்கைப் பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் மறுநாள் வரை வலி இருந்தது. அடுத்த ஆண்டு புல்மனில் 59-24 என்று தோற்றோம். அதையும் உட்கார்ந்து முழுவதும் பார்த்தோம்.

2026 ஜூலை முதல் போய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் எங்களோடு. போய்சிக்குக் காரிலேயே போய் வரலாம். ஒளிபரப்பு சி.பி.எஸ்., யூ.எஸ்.ஏ. நெட்வொர்க், சி.டபிள்யூ. என்கிறார்கள். ஐயா, பெரியவர் வீட்டில் இருக்கும் டிஷ்ஷில் பழைய பேக்-12 சேனல் ஒரு நாளும் வரவில்லை. இனியாவது வெளியூர் ஆட்டங்கள் அவருக்குக் கிடைக்குமா?

கம்பிவடம் எழுதியது:

யூ.எஸ்.ஏ. நெட்வொர்க்குக்குச் சந்தா வேண்டும். சி.பி.எஸ்.ஸும் சி.டபிள்யூ.வும் சாதாரண ஆன்டெனாவில் கட்டணமின்றி வரும் வகை. உங்களுக்கு ஸ்போகேன் நிலையங்கள்தான் அருகில். அந்த மேடுகளைத் தாண்டி அலை வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகஸ்டுக்கு முன் ஒரு நாள் அவர் வீட்டுக் கூரையில் ஏறி ஆன்டெனாவை வடக்குப் பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள். எத்தனை நிலையங்கள் கிடைத்தன என்று இங்கே எழுதுங்கள். மீதியை நான் சொல்கிறேன்.