தூரம் போனால் மாபிளுக்கு வேகம் கூடுமா?

லயன்கோடி:
மாபிளின் வேகத்தை அளக்கப் பால்மா டின்னில் ஊசல் கட்டி அடித்துப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். உயர்தரம் படித்த காலத்துக் கதை, இன்னும் மண்டையைக் குடைகிறது. டின் நிறைய களிமண், எல்லாமாக 700 கிராம். கொய்யா மரத்தில் 2 மீற்றர் நூல். மாபிள் 5.4 கிராம், அதை ஹட்டனில் ஒரு நகைக்கடையில் நிறுத்தேன், கொழுந்துத் தராசுக்கு 5 கிராம் எங்கே தெரியும்? கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கண்ணாடிதானே?" என்றார், ஏதோ வைரம் என்று விற்க வந்தவனைப் பார்ப்பது போல.

அடிமட்டத்தின் மேல் தீப்பெட்டி. டின் அதைத் தள்ளிக்கொண்டு போகும், நின்ற இடம்தான் அளவு. 1 மீற்றரில் நின்று கெட்டபோலால் (ரப்பர் கவண்) அடித்தால் 12 சென்ரிமீற்றர், அதாவது செக்கனுக்கு 35 மீற்றர் அளவு. அப்புறம் 20 மீற்றர் தள்ளித் தேயிலைக்குள் நின்று அடித்தேன். முப்பது அடியில் ஒன்றுதான் பட்டது. தீப்பெட்டி 14இல் நிற்கிறது! கணக்குப் போட்டால் 40 மீற்றர். வளித்தடை எங்கே போனது? தம்பி சொன்னான்: "அண்ணே, காத்து பின்னாடி இருந்து தள்ளியிருக்கு."

நானுஓயா பனி:
பனி நேரத்தில் அடித்திருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான், காலையில் ஓர் அளவு, மத்தியானம் ஓர் அளவு. பனி இருந்தால் காற்று கனமாகிவிடும், கணக்கு நிற்காது.

பசறை அக்கா:
பனியால் காற்று கனமாகும் என்று யார் சொன்னது? ஈரக் காற்று உலர்ந்த காற்றை விட இலேசு. பனி தடுத்தது என்றே வைத்தாலும் வேகம் குறைய வேண்டுமே, கூடுமா?
நான் அடித்தது ஃபாக்டரி பெயாரிங் குண்டு, 7 கிராம். 20 மீற்றரில் டின்னின் ஆட்டம் 1 சென்ரிமீற்றர்தான் குறைந்தது. அதைவிட மறக்காதது, குறி தவறிய ஒரு குண்டு லயன் தகரத்தில் டணார் என்று விழ, தூங்கிக்கொண்டிருந்த அப்பாயி விளக்குமாறோடு வெளியே வந்தது.

பழைய வாத்தியார்:
என் வகுப்பிலும் ஒரு பையன் இப்படி ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான், அதை விடுங்கள். லயன்கோடி தம்பி, பட்ட மாபிள் மண்ணுக்குள் இருந்ததா? முப்பது அடி அடிப்பதற்குள் வெயிலில் களிமண் காய்ந்து இறுகியிருக்கும். மாபிள் புதையாமல் தெறித்தால், திரும்பிப் போன உந்தத்தையும் (திணிவை வேகத்தால் பெருக்கியது) டின்தான் வாங்கும். செக்கனுக்கு 29 மீற்றரில் வந்து 11இல் திரும்பினால் உங்கள் தீப்பெட்டி 40 என்றுதான் சொல்லும். கண்ணாடி மாபிள் 20 மீற்றரில் ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழப்பது நியாயம்தான். உருக்குக் குண்டு அளவில் சிறிது, திணிவில் கூடியது. அதனால் அக்காவுக்குக் குறைவாக இழந்தது.

இனிச் செய்வதென்றால் ஈரக் களிமண் வேண்டாம், பிளாஸ்டிசின் வையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு டின்னை நிறுங்கள். ஒற்றை நூலில் டின் முறுக்கிக்கொள்ளும். நாலு நூல் கட்டுங்கள். கெட்டபோல் ரப்பரை எவ்வளவு இழுப்பது என்று அடையாளம் வையுங்கள். குளிரில் ரப்பர் சோம்பல்படும், நானுஓயாக்காரருக்குக் காலையும் மத்தியானமும் மாறியது அதனால் இருக்கும், பனியால் அல்ல. கிட்ட ஒன்று, தூர ஒன்று என்று மாற்றி மாற்றி அடியுங்கள். நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பை விட 15, 20 சதவீதம் குறைவு என்பதால் கொழும்புக்காரர் அளவோடு ஒப்பிடவும் வேண்டாம். இந்த ஊசலை 1742இல் எழுதிவைத்த ஆங்கிலேய விஞ்ஞானி பெஞ்சமின் ரொபின்ஸ், ஈயக் குண்டை 25 அடியிலும் 125 அடியிலும் சுட்டு, செக்கனுக்கு 1670 அடி 1425 ஆனதைக் காட்டினார். அதுவரை காற்றைப் பெரிதாக எண்ணாதவர்கள்தான் அதிகம்.

நானுஓயா பனி:
சரி, ரப்பர். ஆனாலும் பனிக்கு ஒன்றுமே இல்லை என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.

லயன்கோடி:
வாத்தியார் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. மாபிள் டின்னுக்குள் இல்லை. நான் நின்ற பக்கமாக ஐந்தாறு எட்டு தள்ளி, கானுக்குள் கிடந்தது. தம்பிதான் இறங்கி எடுத்துத் தந்தான், சேறு துடைத்து. இப்போது போன் எடுத்து அவனுக்கு எல்லாம் சொன்னேன். அவன் இன்னும் காற்று என்றுதான் சொல்கிறான்.