புதுப்பிப்பு: குளவி, தேனீக் கொட்டு ஒவ்வாமைக்குப் பரிசோதனை எப்போது?

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் குளவி கொட்டினால் செய்ய வேண்டிய முதலுதவி பற்றி முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. "கொட்டிய மூன்றாம் நாளே பரிசோதித்தோம், ஒன்றும் இல்லை என்று வந்தது, ஒவ்வாமை இல்லைதானே?" என்று கேட்டிருந்தார்கள்.

அப்படி முடிவு கட்டாதீர்கள். கடும் எதிர்வினைக்குப் பின் சில வாரங்கள் தோல் பரிசோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டக்கூடும். 4 முதல் 6 வாரம் கழித்துச் செய்யுங்கள். இரத்தத்தில் நஞ்சுக்கான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்), டிரிப்டேஸ் (ஒவ்வாமைச் செல்கள் வெளிவிடும் நொதி) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கொட்டிய இடம் மட்டும் வீங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இது தேவையில்லை. தோலில் கொடுக்கு நின்றிருந்தால் தேனீ. குளவி பொதுவாக விட்டுப்போகாது. மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், எந்த நஞ்சுக்குச் சிகிச்சை என்பது இதைப் பொறுத்தது.

"அவில் ஊசி (அரிப்பு, தடிப்பைக் குறைக்கும் ஒவ்வாமை மருந்து) போட்டாச்சே" என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் அட்ரினலின்தான் மருந்து: பெரியவருக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். குணம் தெரியாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி. மயங்கியவரைப் படுத்தபடியே 108-இல் ஏற்றுங்கள். எழுப்பி நடக்கவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஒவ்வாமை உறுதியானவருக்கு, நஞ்சையே சிறுகச் சிறுக ஏற்றி உடலைப் பழக்கும் சிகிச்சையில் ஊசியின் அளவு 100 மைக்ரோகிராமில் நிலைபெறும். பிறகு 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு ஊசி, 3 முதல் 5 ஆண்டு வரை. தேனீயைவிடக் குளவி நஞ்சுக்கு இது கூடுதல் பாதுகாப்புத் தருகிறது.