ஏலத்தில் தோற்ற அன்றுதான் நான் ஏமாந்தேன்

(சேலம் செவ்வாய்பேட்டையிலிருந்து)

எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. வெள்ளி வந்தால் உரைகல்லில் ஒரு இழு இழுத்து டச், அதாவது சுத்தம், என்ன என்று பார்க்காமல் அப்பா சட்டைப் பையில் கையே வைக்க மாட்டார். அந்த வீட்டில் பிறந்த நான், கண்ணால் பார்க்காத கேமராவுக்கு முகம் தெரியாத ஆளிடம் பணம் கட்டினேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை.

கொலுசு டிசைன்களைப் படம் எடுத்து வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நல்ல கேமரா தேவைப்பட்டது. ஏலத் தளம் ஒன்றில் நிக்கான் டி750 வந்திருந்தது, ஊர் பெங்களூரு என்று போட்டிருந்தார்கள். ஃபிளாஷ் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு கீறல், அதை மட்டும் தனியாகக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டிருந்தான் விற்கிறவன். குறையை மறைக்காமல் காட்டுகிறானே, நல்ல ஆள் என்று அங்கேயே விழுந்துவிட்டேன். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேட்க என் வாட்ஸ்அப் எண்ணையும் நானே கொடுத்தேன்.

38,500 வரை ஏற்றினேன். கடைசிப் பத்து விநாடியில் யாரோ 39,000 போட்டுத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி தூக்கமே இல்லை, இன்னும் ஆயிரம் போட்டிருக்கலாமே என்ற நினைப்புதான். மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம், தளத்தின் சின்னம் எல்லாம் அச்சு அசல். ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லை, நீங்கள் சொன்ன விலைக்கே தருகிறோம், ஆறு மணி நேரத்துக்குள் முன்பணம் 10,000 அனுப்புங்கள் என்று. இப்படி இரண்டாவது ஆளுக்கு வாய்ப்புத் தருவது ஏலத் தளங்களில் நிஜமாகவே உள்ள வழக்கம்தான், அதனால் சந்தேகமே வரவில்லை. தளத்துக்குள் போய் என் கணக்கைத் திறந்து பார்த்திருந்தால் அங்கே அப்படி எதுவும் இல்லை என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை, யூபிஐயில் அனுப்பிவிட்டேன். அப்புறம் ஜிஎஸ்டிக்கு என்று இன்னொரு 6,000. அப்புறம் அந்த வாட்ஸ்அப் எண்ணே உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகுதான் நிதானமாக அந்த ஏலத்தைத் திரும்பப் பார்த்தேன். என்னோடு போட்டி போட்ட மூன்று கணக்குகளும் அந்த மாதம்தான் தொடங்கியவை, ஒன்றுக்கும் ஒரு மதிப்புரைகூடக் கிடையாது. ஜெயித்தவனும் விற்கிறவனின் ஆள்தான் என்பது என் கணிப்பு. நான் எவ்வளவு வரை போவேன் என்று ஏற்றிப் பார்த்துவிட்டு, தோற்கவைத்து, வெளியே கூப்பிட்டிருக்கிறான். எங்கள் வெல்ல மண்டி ஏலத்தில் எதிரே நின்று விலை கேட்கிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும், இங்கே எப்படித் தெரியும்? முன்பு ஈபே இந்தியாவில் பைசாபே என்று ஒன்று இருந்தது, பொருள் வந்து சேரும் வரை பணம் நடுவிலேயே நிற்கும். 2018-ல் அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டேன், மூன்றாவது நாள். உடனே கூப்பிட்டிருந்தால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருந்ததாம். அப்பா திட்டவே இல்லை, "உரசிப் பாத்தியாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

*

(ஏற்காட்டிலிருந்து)

அண்ணா, எனக்குப் பொருள் வந்தது, ஆனால் வந்த லட்சணத்தைக் கேளுங்கள். ஏலத்தில் எடுத்த பழைய லென்ஸ். முன்பக்கம் கண்ணாடி பளபளவென்று இருந்தது. பின்பக்கமிருந்து மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகப் பூஞ்சை. விற்றவரிடம் கேட்டால், "உங்க ஊர் மூடுபனியில வந்திருக்கும் மேடம்" என்கிறார்! பார்சல் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் பனி பொல்லாததுதான், லென்ஸை எல்லாம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடித்தான் வைப்பேன், அதற்காக ஒரு மணி நேரத்திலா பூஞ்சை பிடிக்கும்?

நல்லவேளை, முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி பார்சல் பிரிப்பதில் தொடங்கி டார்ச் அடிப்பது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைத்திருந்தேன். பணமும் தளம் வழியாகவே கட்டியிருந்ததால் பதினேழு நாள் இழுத்தடித்துத் திரும்ப வந்தது. இப்போதெல்லாம் ஏலம் கேட்பதற்கு முன்பே டார்ச் அடித்து ஒரு வீடியோ அனுப்புங்கள் என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் பதிலே போடுவதில்லை.

*

(சூரமங்கலம், மொபைல் சர்வீஸ் கடை)

கடைக்கு மாதம் நாலைந்து பேராவது ஏலத்தில் எடுத்த போனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் பண்ணின போன், ஆன் செய்தால் பழைய ஆளின் கூகுள் கணக்கைக் கேட்கும். ஐபோன் என்றால் பழைய ஆப்பிள் கணக்கு. திறந்து தா என்று என்னிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, விற்றவன் கணக்கை நீக்கினால்தான் உண்டு.

நேரில் வாங்கினால் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அடித்து ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பாருங்கள், பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். தூரத்து ஆள் என்றால் எண்ணை முன்கூட்டியே கேளுங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தைப் போட்டு அரசின் 14422 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்டது அல்லது போலி எண் என்று பதில் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், திருட்டு போனாக இருந்தால் போலீஸ் உங்களைத் தேடித்தான் வரும். இன்னொன்று, தலைப்பைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். "ஐபோன் 15 ப்ரோ பெட்டி" என்று ஒருவன் ஏலம் விட்டிருந்தான். எடுத்தவருக்குப் பெட்டிதான் வந்தது. பொய் சொன்னான் என்றுகூடச் சொல்ல முடியாது.

*

(செவ்வாய்பேட்டையிலிருந்து, மறுபடியும்)

டார்ச் விஷயம் எனக்குப் புதுசு, நன்றிங்க. நேற்று ராத்திரி சும்மா வேறொரு ஏலத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே டி750. அதே படம், அதே பிறைக் கீறல். ஊர் மட்டும் கொச்சி. 22,000-ல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். தளத்துக்குப் புகார் அனுப்பிவிட்டேன், இன்னும் அந்த ஏலத்தை எடுக்கவில்லை.